மலையேறாத சான்றிதழ்

கல்வராயன் மலையில் சேராப்பட்டுக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூரில் ஆஷா பணியாளராக இருப்பவர், ஒரு காலத்தில் என்னிடம் இளங்கலைப் பொருளாதாரம் படித்த மாணவி. அண்மையில் கள்ளக்குறிச்சியில் ஒரு திருமண வீட்டில் சந்தித்தபோது, தம் ஊரில் நடந்த ஒன்றைச் சொன்னார். மருத்துவமனையில் பிரசவித்து வீடு திரும்பிய ஓர் இளம் தாய். குழந்தை ஓயாமல் அழுதது, எடை ஏறவில்லை. தாய்க்கு மார்பில் வெடிப்பும் வலியும். 'பால் பற்றவில்லை' என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். பசும்பாலில் தண்ணீர் கலந்து புகட்டத் தொடங்கிய மாமியார், மறுநாள் கச்சிராயபாளையம் செல்பவரிடம் பால்மாவு வாங்கிவரப் பணமும் கொடுத்துவிட்டார்.

ஆஷா பணியாளர் அந்தத் தாயின் அருகில் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்து கவனித்திருக்கிறார். குழந்தை காம்பின் நுனியை மட்டுமே கவ்வியது. தாய் குனிந்து குழந்தையிடம் செல்வதற்குப் பதிலாகக் குழந்தையைத் தூக்கித் தாயிடம் சேர்த்து, அதன் வாய் அகலத் திறக்கும் கணம் வரை காத்திருந்து, காம்போடு அதைச் சுற்றியுள்ள கருவளையமும் வாய்க்குள் செல்லுமாறு மாற்றிப் பிடிக்கச் செய்திருக்கிறார். இரண்டு வாரம் நாள்தோறும் சென்று பார்த்தார். குழந்தை எடை ஏறியது. பால்மாவுப் பெட்டி திறக்கப்படவே இல்லை.

'இதை எங்கே கற்றாய்?' என்று கேட்டேன். 'பாதி பயிற்சியில், பாதி பாட்டியிடம் சார். பயிற்சியில் படம் காட்டினார்கள்; கையைப் பிடித்துக் காட்டவில்லை' என்றார். பிறகு அவரே கேட்டார்: 'இதற்கென்று சான்றிதழ் படிப்பு இருக்கிறதாமே, எனக்குக் கிடைக்குமா?' உடனே விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்ததில் தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில், இப்படி ஒருவர் ஏன் தேவை என்பதைப் பார்க்க வேண்டும். 2019-21-இல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நிகழ்கின்றன. இந்திய சராசரி 88.6 சதவீதம். நாம் பெருமைப்படத்தக்க சாதனைதான். ஆனால், அதே ஆய்வில் இன்னொரு வரியும் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே பெறுவோர் இந்திய அளவில் 63.7 சதவீதம், தமிழ்நாட்டிலோ ஏறத்தாழ 55 சதவீதம்தான். மகப்பேற்று வசதியில் முன்னணியில் நிற்கும் மாநிலம், பாலூட்டலில் தேசிய சராசரிக்கும் கீழே நிற்கிறது.

இதற்குத் தாய்மார்களின் அறியாமையைக் காரணம் சொல்வது எளிது, சரியல்ல. ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் மருத்துவமனையில் பிறக்கின்றன என்றால், முதல் மணி நேரமும் முதல் இரண்டு நாள்களும் மருத்துவமனையின் பொறுப்பில் கழிகின்றன என்றே பொருள். தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் அறுவை சிகிச்சை மூலம் நடப்பதாக அந்த ஆய்வு சொல்கிறது. தேசிய சராசரியைப்போல இரு மடங்குக்கும் மேல். வயிற்றில் தையலோடு படுத்திருக்கும் தாயால், பக்கத்தில் இருந்து பிடித்துக் கொடுக்க ஒருவர் இல்லாமல் முதல் மணி நேரத்தில் பாலூட்ட இயலாது. அந்த ஒருவர் யார் என்பதுதான் கேள்வி.

என் பேரன் நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் பிறந்தபோது, இரண்டாம் நாள் இரவு செவிலியர் ஒருவர் கேட்காமலேயே பால்மாவைக் கரைத்துக் கொண்டுவந்தார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. இரவுப் பணியில் ஒருவராக நின்று ஒரு கூடம் முழுவதையும் பார்த்துக்கொண்டவர் அவர். அரை மணி நேரம் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பதைவிட அரை நிமிடத்தில் கரைத்துக் கொடுப்பது அவருக்கு எளிது. பிறகு என் மகள் கட்டணம் செலுத்தி ஒரு பாலூட்டல் ஆலோசகரை வீட்டுக்கு அழைத்தாள். அவர் செய்ததும் மலையில் என் மாணவி செய்ததும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவருக்குச் சான்றிதழும் கட்டணமும் உண்டு; மற்றவருக்கு இரண்டும் இல்லை.

அந்தச் சான்றிதழின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1956-இல் இல்லினாய் மாநிலத்தில் ஏழு தாய்மார்கள் கூடி, பாலூட்ட விரும்பும் பிற தாய்மார்களுக்கு உதவ 'லா லேச்சே லீக்' என்ற அமைப்பைத் தொடங்கினர். பால்மாவே நாகரிகம் என்று மருத்துவர்களே பரிந்துரைத்த காலம் அது. அந்தத் தன்னார்வ அனுபவத்திலிருந்து ஒரு தொழில் உருவாகி, 1985-இல் சர்வதேசப் பாலூட்டல் ஆலோசகர் தேர்வு வாரியம் அமைந்தது. அந்த வாரியம் வழங்கும் 'ஐபிசிஎல்சி' என்ற தகுதியே இன்று இத்துறையில் உலக அளவில் மதிக்கப்படுகிறது.

அதைப் பெற மூன்று வேண்டும். முதலாவது, உடற்கூறியல், உடலியங்கியல், ஊட்டச்சத்து, குழந்தை வளர்ச்சி, உளவியல், தொழில் அறம் உள்ளிட்ட 14 பாடங்களில் அடிப்படைக் கல்வி. மருத்துவர், செவிலியர் போன்றோருக்கு இது அவர்களுடைய படிப்பிலேயே அடங்கிவிடுகிறது. இரண்டாவது, பாலூட்டல் குறித்த 95 மணி நேரக் கல்வி. அதில் ஐந்து மணி நேரம் தாயுடன் எப்படிப் பேசுவது என்பதற்கு மட்டும். மூன்றாவதுதான் கடினமானது. தாய்-சேய்க்கு நேரடியாக உதவிய அனுபவம், தேர்வுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் 1,000 மணி நேரம் இருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற கல்வித் திட்டத்தில் சேர்ந்தால் மேற்பார்வையில் 300 மணி நேரம் போதும். தகுதி பெற்ற ஓர் ஆலோசகரின் நேரடி வழிகாட்டுதலில் பணியாற்றினால் 500 மணி நேரம். அதன் பிறகு 175 வினாக்கள் கொண்ட தேர்வு. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தகுதியைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். தேர்வு பல மொழிகளில் நடக்கிறது, தமிழில் நடப்பதில்லை.

இந்தக் கடுமையை நான் குறை சொல்ல மாட்டேன். பார்த்துப் பழகாமல் வராத கலை இது. நீந்துவதைப் புத்தகத்தில் படித்தவரை ஆற்றில் இறக்கிவிட முடியாது அல்லவா? வார இறுதியில் இணையவழியில் இரண்டு நாள் வகுப்பு நடத்தி 'ஆலோசகர்' பட்டம் கொடுக்கும் கடைகள் பெருகிவரும் நேரத்தில், 1,000 மணி நேரம் என்ற வேலி தாய்மார்களுக்குப் பாதுகாப்புதான்.

ஆனால், அந்த வேலி என் மாணவியை எங்கே நிறுத்துகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய தொழில் பழக்கம் விடுவதில்லை. ஆயிரம் பேர் வாழும் மலைக் கிராமங்களை ஓர் ஆஷா பணியாளர் பார்த்துக்கொள்கிறார் என்று கொள்வோம். ஆண்டுக்கு 20 பிரசவங்கள் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தாயையும் ஆறு முறை, முறைக்கு அரை மணி நேரம் வீதம் கவனித்தால், ஒரு தாய்க்கு மூன்று மணி நேரம். ஓர் ஆண்டுக்கு 60 மணி நேரம். ஐந்து ஆண்டுகளுக்கு 300 மணி நேரம். எவ்வளவு நேர்மையாக உழைத்தாலும் 1,000 மணி நேரத்தை அவரால் எட்ட முடியாது. வழிகாட்டுதலில் 500 மணி நேரம் என்ற பாதைக்கோ, முதலில் ஒரு வழிகாட்டி மலையேறி வர வேண்டும். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவில் பணியாற்றும் ஒரு செவிலியருக்கு, நாளுக்கு நான்கு மணி நேரம் இதற்கென்று ஒதுக்கினால், 250 வேலை நாள்களில் அந்த 1,000 மணி நேரம் முடிந்துவிடும்.

சான்றிதழ் முறை மோசமானது என்பதல்ல. தாய்மார்கள் கூட்டமாக வந்து சேரும் இடங்களை மனத்தில் வைத்து அது வகுக்கப்பட்டது. தாய்மார்கள் சிதறி வாழும் மலைக்கு அதை அப்படியே ஏற்ற முடியாது.

கல்வராயன் மலையின் நிலையைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2024 ஜூனில் நிகழ்ந்த விஷச் சாராயச் சாவுகளுக்குப் பிறகுதான் நாட்டின் பார்வை இந்தப் பக்கம் திரும்பியது. மலைவாழ் மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுத்து விசாரித்தது. மேலே நான் சொன்ன தேசிய ஆய்வில் கள்ளக்குறிச்சிக்கெனத் தனிக் கணக்குகூட இல்லை. மாவட்டம் பிரியும் முன் இருந்த எல்லைகளின்படி ஆய்வு நடந்ததால், இங்குள்ள தாய்மார்கள் விழுப்புரத்தின் சராசரிக்குள் மறைந்திருக்கிறார்கள். மலையின் தாய்மார்கள் அந்தச் சராசரிக்குள் இன்னும் ஆழத்தில்.

'நம் பாட்டிமார்கள் சான்றிதழ் வாங்கிக்கொண்டா பால் கொடுத்தார்கள்?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கூட்டாக வாழ்ந்த வீட்டில், பத்துப் பிள்ளைகளைப் பார்த்த ஒரு கிழவி பக்கத்தில் இருந்தாள். அவளிடம் மருந்தும் இருந்தது, பிழையும் இருந்தது. முருங்கைக் கீரையும் பூண்டும் கொடுத்துத் தாயைத் தேற்றியவளே, மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சி வெளியே விடச் சொன்னாள். குழந்தையின் நாவில் சேனை தொட்டு வைத்தாள். பிறந்த குழந்தைக்குக் கழுதைப்பால் புகட்டும் வழக்கம் இன்றும் சில ஊர்களில் மறையவில்லை. எனினும், பக்கத்தில் ஒருவர் இருந்தார் என்பது உண்மை. இன்று மரவள்ளி விளைச்சல் மட்டும் போதாமல், மலையிலிருந்து குடும்பங்கள் மிளகு, காப்பித் தோட்ட வேலைக்கு மாநிலம் கடந்து செல்கின்றன. பாட்டி மலையில், பேத்தி தோட்டத்து லயத்தில். அந்த அறிவு கைமாறும் இழை அறுந்துவிட்டது. அறுந்த இழைக்கு மாற்றாக அரசு யாரை வைத்திருக்கிறது?

ஏட்டளவில் நிறைய இருக்கிறது. 1991-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 'குழந்தை நேய மருத்துவமனை' இயக்கத்தைத் தொடங்கின. அதே ஆண்டில் இந்தியத் தாய்ப்பால் ஊக்குவிப்பு வலையமைப்பு உருவானது. பாலூட்டல் ஆலோசனையில் பயிற்சியும் சான்றும் அளித்துவருகிறது. தாய்ப்பால் ஆலோசகர்களுக்கான 40 மணி நேரப் பாடத்திட்டத்தை உலக சுகாதார நிறுவனம் 1993-லேயே வகுத்துக் கொடுத்துவிட்டது. மத்திய அரசு 2016 ஆகஸ்டில் 'மா' என்ற திட்டத்தைத் தொடங்கி, ஆஷா பணியாளர்களுக்கும் கிராமச் செவிலியர்களுக்கும் ஒரு நாள் அறிமுகப் பயிற்சியையும், பிரசவம் நடக்கும் மருத்துவமனைகளின் பணியாளர்களுக்கு நான்கு நாள் பயிற்சியையும் வகுத்தது. பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் தமிழ்நாடு 2015-லேயே திறந்தது.

ஒரு நாள் எங்கே, 40 மணி நேரம் எங்கே, 1,000 மணி நேரம் எங்கே! மலைத் தாயின் வீட்டு வாசல் வரை செல்பவருக்குக் கிடைப்பது ஒரு நாள். குழந்தையைத் தாயின் உடலோடு ஒட்டி, தலையும் உடலும் நேர்கோட்டில் இருக்குமாறு பிடிப்பது. தாடை மார்பைத் தொடுகிறதா, கீழுதடு வெளிப்புறம் மடங்கியிருக்கிறதா என்று பார்ப்பது. பால் கட்டிக்கொண்ட மார்பைக் கையால் இளக்குவது. எடை குறைந்து பிறந்து சப்ப வலுவில்லாத குழந்தைக்குப் பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டுவது. இவையெல்லாவற்றையும்விட, 'உனக்குப் பால் இருக்கிறது' என்று அந்தத் தாய் நம்பும்படி சொல்வது. ஒரு நாளில் இவற்றைப் பட்டியலாகச் சொல்லிவிடலாம். கைக்குப் பழக்க முடியாது.

உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பாலூட்டல் ஆலோசனை ஒரு தாய்க்குக் குறைந்தது ஆறு முறையாவது கிடைக்க வேண்டும் என்கிறது. கர்ப்ப காலத்தில் ஒருமுறை, பிறந்த இரண்டு மூன்று நாள்களில், ஒன்றிரண்டு வாரங்களில், மூன்று நான்கு மாதங்களில், ஆறாவது மாதத்தில், அதன் பிறகு ஒருமுறை. நேரில் பேசுவதே முதன்மை, தொலைபேசி துணைதான். ஆஷா பணியாளரோ பச்சிளங்குழந்தைக் கவனிப்புக்காக மூன்றாம் நாளிலிருந்து 42-ஆம் நாள் வரை ஆறு முறை வீட்டுக்குச் செல்லக் கடமைப்பட்டவர். அந்த ஆறு வருகைக்கும் சேர்த்து அவருக்கு நிர்ணயிக்கப்பட்ட ஊக்கத்தொகை 250 ரூபாய். நடைப் பயணம் உட்பட, ஒரு வருகைக்கு 42 ரூபாய்கூட முழுதாக இல்லை. கட்டமைப்பு இருக்கிறது, கால் நடந்து போகிறது. கைக்குத்தான் திறன் கொடுக்கப்படவில்லை.

இதனால் யாருக்கு எவ்வளவு இழப்பு? தாய்ப்பால் இல்லாத குழந்தைக்கு முதல் ஆறு மாதங்களில் ஏறத்தாழ 20 கிலோ பால்மாவு தேவைப்படும். 400 கிராம் பெட்டி 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 50 பெட்டிகளுக்கு 20,000 ரூபாய். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஒரு தாய்க்குக் கிடைக்கும் மொத்த உதவி 18,000 ரூபாய். அரசு ஒரு கையால் கொடுப்பதைப் பால்மாவுக் கடை மறு கையால் வாங்கிக்கொண்டு, மேலும் 2,000 ரூபாய் கேட்கும். மலைக் குடும்பத்தால் அது முடியாது. அப்போது மாவில் தண்ணீர் கூடும். குழந்தையின் எடை குறையும்.

எங்கள் துறையின் விந்தை இதுதான். அந்த 20,000 ரூபாய் விற்பனை நாட்டு வருமானத்தில் சேரும்; தாய் ஊட்டிய பால் எந்தக் கணக்கிலும் சேராது. நியூசிலாந்தின் மர்லின் வேரிங் 1988-லும், பின்னர் ஆஸ்திரேலியப் பொருளாதார அறிஞர் ஜூலி ஸ்மித்தும் இந்தக் குருட்டுத்தனத்தைச் சுட்டிக்காட்டினர். பாலூட்டல் குறைவால் உலகுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 30,200 கோடி டாலர் இழப்பு என்றும், பாலூட்டலைப் பரவலாக்கினால் ஆண்டுக்கு 8.23 லட்சம் குழந்தைகளின் உயிரைக் காக்கலாம் என்றும் 2016-இல் 'லான்செட்' மருத்துவ இதழ் மதிப்பிட்டது. நான் வகுப்பெடுத்த முப்பது ஆண்டுகளில் நாட்டு வருமானம் பற்றிய பாடத்தில் இதை ஒருமுறையும் சொன்னதில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

என் மாணவியின் கேள்விக்கு வருகிறேன். பலருக்கும் தெரியாத ஒரு செய்தி: பாலூட்டல் ஆலோசகர் என்ற தொழிலை இந்தியச் சட்டம் ஏற்கெனவே பெயர் சொல்லி அங்கீகரித்திருக்கிறது. 2021-ஆம் ஆண்டின் தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில், சுகாதாரக் கல்வியாளர்கள், நோய் ஆலோசகர்கள், நீரிழிவுக் கல்வியாளர்கள் ஆகியோருடன் பாலூட்டல் ஆலோசகர்களும் இடம்பெறுகிறார்கள். பாடத்திட்டம், தகுதி, பதிவேடு ஆகியவற்றை ஆணையமும் மாநில மன்றங்களும் வகுக்க வேண்டும். இது மகிழ்ச்சிக்குரியது, கவலைக்குரியதும்கூட. துணைநிலைப் பணியாளர் என்று பதிவு பெறவே குறைந்தது 2,000 மணி நேரம் கொண்ட பட்டயமோ பட்டமோ வேண்டும் என்கிறது அச்சட்டம். நகரத்துக் கல்லூரிகள் இரண்டாண்டுப் படிப்பைத் தொடங்கும், கட்டணம் வசூலிக்கும், படித்தவர்கள் தனியார் மருத்துவமனைகளுக்குச் செல்வார்கள். வெள்ளிமலைக்கும் இன்னாட்டுக்கும் யார் வருவார்?

எனவே, பதிவேட்டின் உச்சியில் நிற்பவர்களை மட்டும் உருவாக்காமல், ஏறி வரப் படிகளையும் அமைக்க வேண்டும் என்பது என் கருத்து. கீழ்ப்படியில், ஆஷா பணியாளர்களுக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் 40 மணி நேரப் பயிற்சி. தமிழில், பாதிக்கு மேல் மகப்பேற்றுப் பிரிவில் தாய்மார்களின் அருகிலேயே. அதற்கு ஓர் அரசுச் சான்று. பிரசவ நாளுக்கு முன்பே மலைத் தாய்மார்கள் வந்து தங்கும் காத்திருப்பு அறைகள், பயிற்சிக்கும் ஏற்ற இடங்கள். நடுப்படியில், ஆரம்ப சுகாதார நிலையங்களின் செவிலியர்களில் விருப்பமுள்ளவர்களுக்கு ஓராண்டுப் பகுதிநேரப் படிப்பு. மேற்படியில், சிறுவங்கூரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரியில் இரண்டு மூன்று பேரேனும் அரசுச் செலவில் ஐபிசிஎல்சி தகுதி பெற வேண்டும். பாலூட்டல் மேலாண்மை மையங்களுக்கென மத்திய அரசு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் மருத்துவக் கல்லூரி முதல் சிறிய பிரசவ மையம் வரை மூன்று நிலைகள் ஏற்கெனவே உள்ளன. அந்த நிலைகளுக்கு ஏற்ப ஆள்களையும் பயிற்றினால் போதும். கீழ்ப்படியில் உழைத்த மணி நேரம் மேற்படிக்குக் கணக்கில் சேர வேண்டும் என்பது இதில் முக்கியமான நிபந்தனை. இல்லையென்றால் மலையில் தொடங்குபவர் மலையிலேயே நின்றுவிடுவார்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. பயிற்சிக்குப் பணமில்லை என்று அரசு கைவிரிக்கும்போது, பணத்தோடு வந்து நிற்கக்கூடியவை குழந்தை உணவு நிறுவனங்கள்தான். பால் மாற்று உணவுகளை ஒழுங்குபடுத்தும் 1992-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003-ஆம் ஆண்டுத் திருத்தமும், அந்நிறுவனங்கள் சுகாதாரப் பணியாளர்களுக்கோ அவர்களது சங்கங்களுக்கோ கருத்தரங்கு, பயிற்சி வகுப்பு, உதவித்தொகை என்று எந்தப் பெயரிலும் பணம் தருவதைத் தடை செய்கின்றன. உலகில் மிகக் கண்டிப்பான சட்டங்களுள் ஒன்று இது. புதிதாகப் படிப்பு தொடங்கும் ஒவ்வொரு கல்லூரியின் அங்கீகாரத்திலும் இந்த விதியை முதல் வரியாக எழுதிவைக்க வேண்டும்.

என் மாணவி கைப்பேசியில் தம் பதிவேட்டின் படத்தைக் காட்டினார். எடைக்கு ஒரு கட்டம், தடுப்பூசிக்கு ஒரு கட்டம், மாத்திரைகளுக்கு ஒரு கட்டம். எந்தத் தாயோடு எத்தனை மணி நேரம் உட்கார்ந்து பாலூட்டக் கற்றுக்கொடுத்தார் என்பதற்குக் கட்டம் இல்லை. ஒன்பது ஆண்டுகளாக அவர் செய்த வேலைக்குச் சான்று எதுவும் எழுத்தில் இல்லாததால், நாளைக்கே ஒரு சான்றிதழ்த் திட்டம் வந்தாலும் அவர் முதல் மணி நேரத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, தேதியும் நேரமும் போட்டு, கிராமச் செவிலியரின் கையெழுத்தோடு இன்றிலிருந்தே எழுதி வை என்று சொல்லியிருக்கிறேன். அந்த நோட்டுப் புத்தகத்தின் இடத்தில் பதிவேட்டிலேயே ஒரு கட்டத்தைச் சேர்க்க மாவட்ட சுகாதார அலுவலரால் முடியும். அடுத்த முறை பதிவேடு அச்சாகும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம், ஓரத்தில் கோடு கிழித்துக்கொள்ளலாம்.